குஸ்கோவில் யோகா சாப்பிட்ட மீன்

4 ஓகஸ்ட் 1976, புதன். லிட்கம்.

பரமட்டாவில் மூக்கு டொக்டரைக் கண்டேன். ஜூன் மாதச் சளிக்காய்ச்சல் மணம் அறியும் நரம்பைக் கெடுத்துவிட்டதாம். மணம் திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றார். இதைச் சொல்ல அவ்வளவு படிப்புத் தேவையில்லை. கதவு வரைக்கும் வந்து மரியாதையாக வழியனுப்பினார்.

ஆக, விஷயம் இதுதான். நான் தேயிலை ருசி பார்ப்பவன். கொழும்பில் மீசை அரும்பின வயதில் தொடங்கின வேலை, வேறொன்றும் தெரியாது. கோப்பையை உறிஞ்சித் துப்பி, இது எந்தப் பக்கத்துத் தேயிலை, எதோடு கலக்கலாம் என்று சொல்லத்தான் இங்கே கொம்பனி என்னை வைத்திருக்கிறது. மூக்குப் போனவனுக்கு அங்கே என்ன வேலை? இனிப்பு, உப்பு, புளிப்பு, கசப்பு, துவர்ப்பு, இவைதான் மிச்சம். துவர்ப்பையும் சாயத்தையும் ஊறின இலையின் நிறத்தையும் வைத்துச் சமாளிக்கிறேன். மனேஜர் பார்க்கருக்குத் தெரியாது. மனைவி யோகாவுக்கும் தெரியாது. தெரிந்தால் அடுத்த மாதம் பெரு நாட்டுக்குப் போகும் பயணத்தை நிறுத்திவிடுவாள்.

12 ஓகஸ்ட்.

இந்தக் கோப்பையில் புகை மணம் அடிக்கிறதே என்றார் பார்க்கர். அடிக்கிறது என்றேன்.

22 ஓகஸ்ட், ஞாயிறு.

யோகா பெட்டி அடுக்கத் தொடங்கிவிட்டாள். ஊரில் சரித்திரம் படிப்பித்தவள். இங்கே ஆஸ்பத்திரிக் கந்தோரில் நோயாளர் கோப்புகளை அடுக்குகிறாள். பரமட்டாவில் மாலை வகுப்பொன்றில் சேர்ந்த நாள் தொட்டு இன்கா அரசர்களோடுதான் சீவியம். அந்த வகுப்பு நடத்துபவர்தான் ஒரு கூட்டத்தைப் பெருவுக்குக் கூட்டிப்போகிறார். இன்காக்கள் கட்டினதைப் பார்ப்பது, அவர்கள் சாப்பிட்டதைச் சாப்பிடுவது. சாப்பாட்டுப் பயணத்துக்கு மூக்கில்லாதவன்! சிரிக்கலாம் என்று பார்த்தேன், வரவில்லை.

மற்றதெல்லாம் எப்படிப் போனாலும் பரவாயில்லையாம், மலைமேல் இருக்கும் இன்கா நகரமான மச்சு பிச்சுவைக் கண்டால் போதுமாம். இதை எனக்கும் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரிக்கும் தபால்காரனுக்கும் சொல்லிவிட்டாள்.

3 செப்டெம்பர். லீமா.

விமானம் மாறி மாறி தஹிட்டி, சாண்டியாகோ, லீமா. கால் வீங்கிவிட்டது. இங்கே இரவில் ஊரடங்கு. ஹோட்டலை விட்டு வெளியே போகக்கூடாது. எனக்கு அது வசதிதான், ருசியான சாப்பாட்டுக் கடை தேடி அலைய வேண்டியதில்லை.

6 செப்டெம்பர். குஸ்கோ.

உயரம். நாலு படி ஏறினால் நெஞ்சு அடிக்கிறது. வழிகாட்டி லூஸ் என்ற குஸ்கோக்காரி, ஐம்பது வயதிருக்கும், கறாரான ஆள். வந்து இறங்கினதும் உயரத்துக்கு நல்லதென்று கொக்கா இலைத் தேநீர் தந்தாள்.

எங்களோடு வந்த டொரீன், மெல்பேர்னில் ஓய்வுபெற்ற ரீச்சர், குரல் பெரிது. என் உத்தியோகம் என்னவென்று யோகாவிடம் விசாரித்து அறிந்துவிட்டாள். கோப்பையை என் முன்னால் தள்ளி, முதலில் நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றாள். எல்லாருடைய கண்ணும் என் வாயில். பழக்கதோஷத்தில் சர்ரென்று உறிஞ்சினேன். அந்தச் சத்தத்துக்கே பாதி மரியாதை கிடைத்தது. வைக்கோல், அதன் பின்னால் பச்சைப் புல், கடைசியில் மெல்லிய கசப்பு என்றேன். கசப்பு மட்டும் உண்மை. லூஸ் கை தட்டினாள். யோகா என்னைப் பார்த்தபடி குடித்தாள்.

8 செப்டெம்பர். ஒல்லாந்தாய்தம்போ.

மலைச்சரிவில் இன்காக்களின் களஞ்சியங்கள். காற்று வந்துபோகும்படி சாளரம் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். தானியமும் கிழங்கும் அங்கேதான் இருந்ததாம். கிழங்கை இரவுப் பனியில் உறையவிட்டு, காலால் மிதித்து நீரை எடுத்து, வெயிலில் காயவைப்பார்கள். பெயர் சூனியோ. வருடக்கணக்கில் பழுதாகாதாம். பனங்கிழங்கைக் காயவைக்கிற எங்கடை ஒடியல் மாதிரித்தான் என்று யோகா லூஸுக்கு விளங்கப்படுத்தினாள். பனை என்றால் என்னவென்று விளங்கப்படுத்தப் போய் அங்கேயே நின்றுவிட்டது கதை.

சூப்பில் போட்டுத் தந்தார்கள். எனக்கு ஈரக் கடதாசி. மண்வாசனை அருமை என்றேன். இப்போது நான் வாயில் வைத்துத் தலையாட்டும் வரைக்கும் ஒருவரும் கரண்டி எடுப்பதில்லை. அப்படி ஒரு வழக்கம் வந்துவிட்டது. நானாகக் கேட்டு வாங்கின பட்டமில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மத்தியானம் பச்சமங்கா. சூடாக்கின கல்லோடு இறைச்சியையும் கிழங்கையும் குழியில் புதைத்து வேகவைப்பது. மண்ணை விலக்கினபோது எல்லாரும் கண்ணை மூடி மூச்சிழுத்தார்கள். நானும் மூடினேன். முகத்தில் வெக்கை பட்டது, அவ்வளவுதான். அந்த நேரம் எனக்குத் தாங்க முடியாத கவலை.

10 செப்டெம்பர், வெள்ளி. குஸ்கோ.

நாளை விடிய ரெயினில் மச்சு பிச்சு. யோகா சப்பாத்தைத் துடைத்துக் கட்டிலடியில் வைத்துவிட்டாள்.

இன்றிரவு லூஸ் விருந்து வைத்தாள். ஆற்று மீன். இது இன்காக்களின் மீனல்ல, பிறகு வந்தவர்கள் கொண்டுவந்து ஆற்றில் விட்டது என்று நேர்மையாகச் சொன்னாள். வேகவைக்காமல் எலுமிச்சம் புளியில் ஊறவிட்டது. வழக்கம்போலத் தட்டு முதலில் என்னிடம் வந்தது. டொரீன் முகத்தைச் சுளித்து, இது இப்படித்தான் மணக்குமா என்று கேட்டாள். ஒரு வாய் வைத்தேன். புளி சரி, உப்புச் சரி. இப்படித்தான் மணக்க வேண்டும் என்றேன்.

டொரீன் கையை நீட்ட, யோகா குறுக்கே பாய்ந்து தட்டை வாங்கித் தன் முன்னால் வைத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை மச்ச மாமிசம் தொடாதவள்! தட்டை மடியோரம் இழுத்துக் குனிந்தபடி காலியாக்கினாள். ஒருவருக்கும் ஒரு துண்டு மிஞ்சவில்லை. மேசை முழுக்கச் சிரிப்பு. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அறைக்கு வந்ததும், இதென்ன காணாததைக் கண்ட மாதிரி என்று ஏசினேன். பசித்தது என்றாள்.

11 செப்டெம்பர்.

விடியும் முன்னரே யோகா சத்தி எடுத்தாள், வயிற்றோட்டம் வேறு. உயரத்தின் வேலை என்றாள் லூஸ். எனக்கும் வயிறு கொஞ்சம் இரைந்தது. மற்றவர்கள் மச்சு பிச்சு போய்விட்டார்கள். நாங்கள் போகவில்லை.

12 செப்டெம்பர்.

காய்ச்சல். பிதற்றுகிறாள். டொக்டர் வந்து சேலைன் ஏற்றினார். உயரமில்லை, பழுதான மீன் என்றார். ஆள் தப்புமோ? கடவுளே, நான்தானே நல்லதென்று சொன்னேன்.

13 செப்டெம்பர்.

காய்ச்சல் இறங்கிவிட்டது. கஞ்சி குடித்தாள். மீன் பழுதென்று உமக்குத் தெரியவில்லையா என்று கேட்டேன்.

"மேசைக்கு வரேக்கையே தெரியும்."

"பிறகேன் சாப்பிட்டனீர்?"

கூரையைப் பார்த்தபடி சொன்னாள்: "நீங்கள் நல்லதெண்டு சொல்லிப்போட்டியள். நான் பழுதெண்டு சொன்னால் அவ்வளவு சனத்துக்கு முன்னாலை உங்கடை முகத்தை எங்கை கொண்டுபோய் வைக்கிறது? அதுகளுக்கும் குடுக்கேலாது. பாதியை மடியிலை வைச்சுக் கைலேஞ்சித் துணிக்கை சுத்தினனான். மிச்சத்தை ஆர் தின்னுறது?"

எனக்கு மணம் போனது அவளுக்கு ஜூன் மாதமே தெரியுமாம். அடுப்பில் பருப்புக் கருகிப் புகைய, நான் குசினிக் கதிரையில் இருந்து பேப்பர் படித்தேனாம். நானாகச் சொல்வேன் என்று பார்த்திருந்தாளாம்.

மச்சு பிச்சு போய்விட்டதே என்றேன்.

"அது எங்கை போறது, அங்கைதானே நிக்கும்," என்று சொல்லிவிட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதாள். நான் பக்கத்தில் இருந்தேன். என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

15 செப்டெம்பர்.

டொரீன் ஏதோ மலைப் பழத்தை நீட்டி, பார்த்துச் சொல்லுங்கள் என்றாள். வயிறு சரியில்லை என்று தப்பினேன். இவ்வளவுக்குப் பிறகும் பொய்தான் முதலில் வாயில் வருகிறது. யோகா கேட்டுக்கொண்டு நின்றாள்.

27 செப்டெம்பர், திங்கள். லிட்கம்.

ருசி அறையில் கோப்பைகளை வரிசையாக வைத்திருந்தார்கள். கரண்டியைக் கையில் எடுத்தேன், திரும்ப வைத்தேன். பார்க்கரின் அறைக்குப் போய்ச் சொன்னேன். எப்போதிருந்து என்று கேட்டார். ஜூன் என்றதும் மனிதர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஜூனிலிருந்து நான் கலந்த தேயிலையை எல்லாம் நினைத்திருப்பார். கடைசியில், கப்பல் சரக்குப் பகுதியில் ஒரு இடம் இருக்கிறது, சம்பளம் இறங்கும், யோசித்துச் சொல் என்றார். யோசிக்க ஒன்றுமில்லை, வாறேன் என்றேன்.

யோகாவிடம் சொன்னேன். "சரி, சாப்பிட வாங்கோ" என்றாள்.

10 ஒக்டோபர்.

புது மேசை ஜன்னலோரம். கப்பல் பிந்தினால் எல்லாரும் என்னைத்தான் ஏசுகிறார்கள்.

5 டிசெம்பர், ஞாயிறு.

குவேக்கர்ஸ் ஹில்லில் எங்கள் ஊர்க்காரன் இந்திரகுமார் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. ஆட்கள் நிறைய. அவன் மனைவி சிவனேஸ்வரி குசினியிலிருந்து ஒரு கரண்டி மீன் குழம்போடு நேரே என்னிடம் வந்தாள். மீன் நேற்று வாங்கினதாம், அண்ணையின் நாக்குக்குத் தப்பாது, பார்த்துச் சொல்லட்டாம்.

ஒரு வாய் வைத்தேன். "உப்பு அளவு. புளி கொஞ்சம் கூட. மீன் நல்லதோ பழுதோ எண்டு எனக்குத் தெரியாது. எனக்கு மணம் இல்லை, பிள்ளை. ஜூனிலை போனது. யோகாவைக் கேளும்."

இந்திரகுமார் பகிடியென்று நினைத்துச் சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். யோகா எழுந்து வந்து கரண்டியை வாங்கி மணந்தாள். நாக்கில் வைத்தாள். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"நல்ல மீன். சாப்பிடுங்கோ," என்றாள் என்னிடம்.

இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டேன்.