தகரக் கூரைத் தலைநகரம்

ஜனவரி 4, சனி

நான் பணியாற்றிய கல்லூரியின் பூகோளத் துறை மலருக்கு ஒரு நகரத்தைப் பற்றி எழுதித் தர வேண்டுமாம். ரெய்க்யவிக்கைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். ஐஸ்லாந்தின் தலைநகர்; உலகத் தலைநகரங்களில் வடகோடியில் இருப்பது; என் மகன் பாண்டித்துரை வேலை பார்க்கும் ஊர். நான் அங்கே போனதில்லை. அதனால் என்ன? பார்க்காத ஊர்களைப் பற்றிப் பேசித்தான் பணிக்காலம் முழுவதும் சம்பளம் வாங்கினேன்.

மதுரையின் ஒரு மூலைக்குக் காணாத மக்கள்தொகை. ரயில் கிடையாது, எங்கள் போடிக்கே இருக்கிறது. பழைய வீடுகளின் கூரைக்கும் சுவருக்கும் நெளிதகரம் அடித்து, சிவப்பும் நீலமும் பூசியிருக்கிறார்கள். ஏலக்காய்த் தோட்டத்துக் கூலிக்காரர்களின் லயன் வீட்டில் தகரம் போட்டால் வறுமை. அவர்கள் போட்டால் அழகு.

ஜனவரி 5

பாண்டியிடம் பேசினேன். பூமிக்கடியில் கொதிக்கும் நீரை வீடுகளுக்கு அனுப்பும் நிறுவனத்தில் பொறியாளன். "குழாயைத் திறந்தா அழுகுன முட்டை வாடை வரும்மா, பழகிரும்" என்றான். தன் சரக்கை இப்படியா விளம்பரப்படுத்துவது? அங்கே முறுக்கிப் பொரிக்கும் ஒரு பலகாரத்தில் ஏலக்காய் போடுகிறார்களாம். "நம்ம போடிக் காயா?" என்று கேட்டேன். "காய் மேல ஊர்ப்பேரா எழுதியிருக்கு?" என்றான். நக்கல் என்னிடமிருந்து போனது.

ஜனவரி 8

இந்த நாட்களில் அங்கே பதினொரு மணிக்கு மேல்தான் சூரியன் எழுகிறது. சோம்பேறிகளுக்கு ஏற்ற அட்சரேகை.

ஜனவரி 11

மதியம் என் கொழுந்தன் மகன் முத்துப்பாண்டி குரங்கணியிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கினான். "அண்ணன் பனியில வழுக்கி விழுந்துட்டாரு பெரியம்மா. மண்டையில அடி. ஆஸ்பத்திரியில வச்சிருக்காக. பயப்பட ஒண்ணுமில்ல."

பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லவா, தோட்டத்தில் ஏலக்காய் பறிப்பை விட்டுவிட்டு மலை இறங்கி வந்தான்? அங்கே அவனோடு இருக்கும் என் மருமகள் அருணா எனக்குப் போன் செய்யாமல் ஏன் அவனுக்குச் செய்தாள்?

ஜனவரி 12

இந்த ஊர் சாவை நேராகச் சொல்லாது. என் கணவர் தோட்டத்தில் இறந்தபோது "லேசா நெஞ்சுவலி, கிளம்பி வாங்க" என்றார்கள். போய் இறங்கினால் பந்தல் போட்டிருந்தது. இப்போதும் எல்லாம் அதே முறைப்படி நடக்கிறது. தெருக்காரர்கள் வருகிறார்கள், உட்காருகிறார்கள், ஒன்றும் கேட்பதில்லை. வீட்டு வேலைக்கு வரும் முனீஸ்வரி, சார்ஜ் போடுகிறேன் என்று என் கைப்பேசியை எடுத்துப் போனவள், திருப்பித் தரவில்லை.

முத்துப்பாண்டியின் போனில் அருணா பேசினாள். "உசுரோடதான் இருக்காரு அத்தை." உயிரோடு இருப்பவனைப் பற்றி யாராவது இப்படிச் சொல்வார்களா? முகத்தைக் காட்டு என்றேன். தீவிர சிகிச்சைப் பிரிவில் போன் கூடாதாம்.

போய்விட்டான். எனக்குத் தெரியும்.

ஜனவரி 14

பொங்கல். எதிர்வீட்டார் வாசலில் அடுப்பு வைக்காமல், உள்ளேயே கேஸில் பொங்கிக்கொண்டார்கள். துக்க வீட்டுக்குக் காட்டும் மரியாதை.

முனீஸ்வரியின் தோளைப் பிடித்து உலுக்கினேன். "சொல்லுடி, எப்பச் செத்தான்? எதுக்குடி எல்லாருமாச் சேர்ந்து என்னை முட்டாளாக்குறீங்க?" சத்தியமாகத் தனக்கு ஒன்றும் தெரியாது என்று அழுதாள். நம்பவில்லை. நான் யார் மேலும் கை வைத்தவளில்லை — இன்று வைத்தேன்.

பிறகு மலருக்கான கட்டுரையைத் தொடர்ந்தேன். வேறென்ன செய்ய? நகரின் நடுவே ஒரு குளம். குளிரில் உறைந்துவிடும், ஒரு மூலையில் மட்டும் வெந்நீர் விட்டு வாத்துகளுக்கு இடம் வைத்திருக்கிறார்கள். கடைத்தெரு நடைபாதைக்கு அடியில் வெந்நீர்க் குழாய் ஓடுவதால் அங்கே பனி நிற்காது. எல்லாத் தெருவுக்கும் போட்டால் என்ன கேடு வந்தது இவனுகளுக்கு? வாத்துக்கு விடத் தெரியுதில்ல?

ஜனவரி 15

கைப்பேசியைப் பிடுங்கி அருணாவை அழைத்தேன். "டாக்டரை என்கிட்ட பேசச் சொல்லு. இல்லைன்னா நாளைக்கே அவனுக்கு இங்க காரியம் பண்ணிருவேன்."

மாலையில் ஒரு பெண் அழைத்தாள். அங்கே குடும்பப் பெயர் வழக்கமில்லை. மருத்துவரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். "நான் கத்ரீன்" என்றாள். நான் ஆங்கிலத்தில் ஒன்றே ஒன்று கேட்டேன்: என் மகன் இறந்துவிட்டானா?

"இல்லை. இயந்திரத்தின் உதவியால் மூச்சு ஓடுகிறது. மூளை வீங்கியிருக்கிறது. அநேகமாகப் பிழைக்க மாட்டார். அவருக்கு நினைவில்லை; ஆனாலும் பேசுங்கள், நானே போனைக் காதருகே வைக்கிறேன்."

நம்பினேன். ஆறுதல் கலக்காத சொல்லை நம்பலாம். முத்துப்பாண்டியும் அருணாவும் முனீஸ்வரியும் பொய் சொல்லவே இல்லை. உயிரோடு கிடந்தவனை நான்தான் இத்தனை நாள் பிணமாக்கி வைத்திருந்தேன்.

என்ன பேசுவது? "பாண்டி, இன்னைக்கு மாட்டுப்பொங்கல்டா" என்றேன்.

ஜனவரி 17

விசாவுக்கு வாரக்கணக்காகுமாம். என் வயதைக் கேட்டதும் ஏஜெண்டு, அலமாரியில் எதையோ தேட ஆரம்பித்துவிட்டான்.

சிலமலையில் இருக்கும் என் நாத்தனார் ஆயம்மாளுக்கு மட்டும் இதுவரை யாரும் சொல்லவில்லை. நான் மதுரையில் பாடம் நடத்திய காலத்தில் பாண்டியைத் தூக்கி வளர்த்தவள். "பெரியத்தை தாங்காது" என்கிறான் முத்துப்பாண்டி. தாங்குவதும் தாங்காததும் அவள் பாடு, உள்ளதை உள்ளபடி சொல்வதே மரியாதை என்று சத்தம் போட்டேன். ஞாயிறு கழியட்டும் என்றான்.

ஜனவரி 20

நண்பகலில் கத்ரீன் அழைத்தாள். ஒரே வாக்கியம்.

அங்கேயே அடக்கம் செய்யலாமா என்று அருணா கேட்டாள். சரி என்றேன்.

சிலமலைக்கு நானே பேசினேன். "மதினி, பாண்டிக்குக் கொஞ்சம் முடியலை. முத்துப்பாண்டி ஜீப்புக் கொண்டாருவான். வெரசாக் கிளம்பி வாங்க."

ஆயம்மாள் கேட்டாள்: "அங்கன பூராம் ஐசாக் கெடக்கும்பானே, வல்லி. மண்ணு தோண்ட வருமா?"

"வரும் மதினி" என்றேன். "கடலோர ஊரு. ரொம்ப ஆழத்துக்கு உறையாது."