சேற்றுக் கோட்டுக்கு மேலே ஒரு கை

சிநேகிதி,

இன்று காலை டிரங்குப் பெட்டியைத் திறந்ததும் ஆற்றுச் சேற்று வாடை முகத்தில் அடித்தது. அடியில் உன் நீலப் புடவை, உன் மகள் எனக்குக் கொடுத்தது. எத்தனை முறை அலசியும் போகாத அந்தப் பழுப்புக் கோடு மாராப்புக்குக் குறுக்கே அப்படியே இருக்கிறது.

செய்யாற்று வெள்ளம் ஊருக்குள் வந்த அன்று, ஊர்க் குழாய்க்குத் தண்ணீர் விடுகிறவள் நீதானே என்று, பள்ளத்தில் இருக்கும் மோட்டார் ரூமுக்கு, மோட்டாரைப் போடும் ஸ்டார்ட்டர் பெட்டியைக் கழற்றப் போனாய். கரண்ட் முன்பே போயிருந்தது. மார்பளவுத் தண்ணீரில் வெறுங்கையோடு திரும்பினாய். பெட்டி மூழ்கிவிட்டது. அதன்பின் எட்டு நாள் குழாயில் தண்ணீர் இல்லை. கிடைத்ததைக் குடித்து உன் பேத்திக்கு வாந்தியும் பேதியும். அவளுக்குக் குளுக்கோஸ் ஏறும்போது காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாய்.

பிறகு எஞ்சினியர் புதுப் பெட்டி வைக்க வந்தார். தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று கேட்டார். ஆளுக்கொரு அளவு சொன்னோம். மோட்டார் ரூம் சுவரில் இருந்த கறையைக் காட்டலாமென்றால், ஆபீசர் வருகிறாரே என்று முதல் நாள்தான் நான் அதன்மேல் சுண்ணாம்பு அடித்து வைத்திருந்தேன்! நீ என்னை முறைத்துவிட்டு வீட்டுக்கு ஓடி, இந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து சுவரோரம் நின்றாய்.

“இந்தக் கோடு வரிக்கும் வந்துது சார்,” என்று சொல்லி, கையைத் தலைக்கு மேல் தூக்கினாய். “பெட்டிய என் வெரலுக்கு மேல வையுங்க. அடுத்த தபா இதே அளவு பாத்துக்கினா வரும்?”

உன் விரல் நுனியில் அவர் கோடு போட்டார். பெட்டி உனக்கே எட்டவில்லை. நாலு படி கட்ட வேண்டியதாயிற்று. மேலத்தெருப் பெரியவர், நாம் நைனா என்று கூப்பிடுகிறவர், “மோட்டாரு போட படி ஏர்ற ஊரு நம்ம ஊருதான்,” என்று சிரித்தார். நானும் மாதக்கணக்கில் உன்னை வம்புக்கு இழுத்தேன். “சிரிடி, சிரி. வாயி சுளுக்கிக்கப் போவுது,” என்பாய்.

போன சித்திரையில் நீ போய்ச் சேர்ந்தாய். மோட்டார் ரூம் சாவி என் இடுப்புக்கு வந்தது. ஐப்பசியில் ஆறும் வந்தது, முன்னைவிடப் பெரிதாக. உன் புடவைக் கோட்டைத் தாண்டி ஏறி, பெட்டிக்கு ஒரு சாண் கீழே நின்றது. வடிந்து கரண்ட் வந்ததும், சேற்றில் வழுக்கி வழுக்கிப் படியேறிப் பச்சைப் பொத்தானை அழுத்தினேன். ஆழ்துளைக் கிணற்றுக்குள் மோட்டார் ஓடியது. எனக்கு வந்த அழுகையை நீ பார்த்திருக்க வேண்டும்.

குழாயடியில் முதல் குடம் உன் பேத்தியுடையது. பின்னால் நைனா.

“குள்ளச்சி இன்னா கணக்கு போட்டு வெச்சுக்கீறா பாரு!”

“எங்காளு நைனா,” என்றேன், தெருவுக்கே கேட்கும்படி.

அடுத்த வாரம் ஆற்றங்கரைத் தெருவுக்கும் மோட்டார் ரூம் கட்ட அதே எஞ்சினியர் வருகிறார். இந்த முறை நம் மோட்டார் ரூம் சுவரில் தண்ணீர் நின்ற இடத்தில் தாரால் கோடு இழுத்துவிட்டேன். யார் சுண்ணாம்பு அடித்தாலும் மறையாது. உன் புடவையைக் கட்டிக்கொண்டு, படியேறி, அந்தக் கோட்டுக்கு மேலே கையைத் தூக்கிக் காட்டப்போகிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். நான் உன்னைவிட நெட்டையடி. என் கை இன்னும் மேலே எட்டும்.