சுஜா எடுத்த முளைப்பாரி

கரமனை,
ஞாயிற்றுக்கிழமை

சிரஞ்சீவி சுமந்துக்கு அம்மாவின் அநேக ஆசீர்வாதம்.

இங்கே அப்பாவும் நானும் சௌக்கியம், என் வலது முழங்காலைத் தவிர. அங்கே நீயும் ராஜஸ்ரீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பதாக நினைத்துக்கொள்கிறேன், வேறு எப்படி நினைக்க. இடவப்பாதி மழை பிடித்துக்கொண்டு, துணி காயாமல் கூடமெல்லாம் கொடி கட்டியிருக்கிறது. ஆற்றில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அப்பா தினமும் குடையோடு போய்ப் பார்த்துவிட்டு வந்து எனக்கு ரிப்போர்ட் கொடுக்கிறார், யார் கேட்டார்களோ. போனில் நீ சுஜா என்ன ஆனாள் என்று கேட்டபோது சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது, எனக்குத்தான் பேச வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

ரிட்டையரான பிறகு நான் வீட்டில் கணக்குச் சொல்லித்தந்த ஏழைப் பிள்ளைகளில் கடைசியாக வந்தவள் சுஜா, தென்காசிப் பக்கத்திலிருந்து டைல்ஸ் ஒட்டும் வேலைக்கு வந்த இசக்கிப்பாண்டியின் மகள். ஐந்து மூலை டைல்ஸ் ஏன் எந்தக் கடையிலும் இல்லை என்று ஒருநாள் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள், மூணு வச்சா இடுக்கு விழுது, நாலு வச்சா ஒண்ணுமேல ஒண்ணு ஏறுது டீச்சர் என்று தானே கோணத்தைக் கணக்கிட்டுக் காட்டினாள். என் சர்வீஸ் முழுக்க இப்படி ஒரு மூளையைப் பார்த்ததில்லை. கெட்டிக்காரப் பிள்ளைகளை இலவசமாகத் தங்கவைத்துப் படிக்கவைக்கும் ஒரு பள்ளிக்குத் தேர்வு எழுதவைத்தேன், முதல் ஆளாகத் தேறினாள். நேர்முகம் மட்டும் பாக்கி. மகள் தேறினால் ஊர்க் கோவில் கொடைத் திருவிழாவில் அம்மனுக்கு முளைப்பாரி எடுப்பாள் என்று இசக்கிப்பாண்டி நேர்ந்திருந்தார். கொடை முடிந்து நேர்முகத்துக்குள் வந்துருவோம் டீச்சரே என்றார். நானும் காலண்டரைப் பார்த்துவிட்டு, சந்தோஷமாகப் போய்வாருங்கள் என்றேன். அவர்கள் ஊருக்குப் போய், அவள் கையில் காப்பும் கட்டியான பிறகு, நேர்முகத்தை முன்கூட்டியே வைக்கிறோம் என்று பள்ளியிலிருந்து எனக்கு மெசேஜ் வருகிறது!

காப்புக் கட்டியவர்கள் கொடை முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாதாம். போனில் கெஞ்சினேன், சண்டை போட்டேன், காரில் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுகிறேன் என்றேன். அவள் அம்மா உலகம்மாள் அழுதாள், எல்லை தாண்டுனா பிள்ளைக்கு ஏதாவது ஆயிரும்லா டீச்சர் என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னாள். பள்ளிக்காரரோ, காத்திருக்கும் குழந்தைகள் நிறைய மேடம் என்று மரியாதையாகவே சொல்லிவிட்டார். கோபப்படக்கூட ஆள் இல்லை எனக்கு. படிப்புக்காக வைத்த வேண்டுதலே படிப்பைக் கொண்டுபோய்விட்டது.

திரும்பி வந்ததும் சுஜா குங்குமப் பொட்டலத்தோடு வந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, சாரமில்ல டீச்சரே, அதாவது பரவாயில்லை, என்று பள்ளிக்கூட மலையாளத்தில் எனக்கு ஆறுதல் சொன்னாள். அம்மனிடம் என்னடி கேட்டாய் என்றேன். உங்க முட்டுவலி போகணும்னு கேட்டேன், பள்ளிக்கூடம்தான் போயிட்டுல்லா என்றாள். பைத்தியக்காரப் பெண், கேட்கக் கிடைத்த ஒரு வரத்தை இந்தக் கிழட்டு முழங்காலில் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறாள்.

அடுத்த வருஷம் எழுதலாம் என்றதற்கு இசக்கிப்பாண்டி, அம்மனுக்கே சம்மதமில்ல, நாம என்ன செய்ய டீச்சரே என்றுவிட்டார். பிறகு இங்கே வேலை முடிந்து, மங்களூர்ப் பக்கம் குடும்பத்தோடு போய்விட்டார்கள். சொல்லிக்கொள்ள வந்த அன்று நான் கண் டாக்டரிடம் போயிருந்தேன். இசக்கிப்பாண்டியின் நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லையாம். அவள் படித்த பள்ளிக்கூடம் திறந்ததும் போய் விசாரித்தேன், டி.சி. வாங்க யாரும் வரவில்லை என்றார்கள். அப்படியென்றால் எங்கேயும் சேர்க்கவில்லை என்றுதானே அர்த்தம்? வேறு பிள்ளை வரும், விடு சூடாமணி என்கிறார் அப்பா. முன்பு என்னிடம் படிக்க வந்த விஜய்குமார் தம்பானூரில் ஹோட்டல் மேஜை துடைக்கிறான், என்னைக் கண்டால் உள்ளே போய்விடுகிறான். இனி எந்தக் குழந்தைக்கும் நான் ஆசை காட்டப்போவதில்லை, கரும்பலகையைப் பரணில் ஏற்றியாகிவிட்டது.

நீ கண்விழித்து வேலை பார்ப்பதைக் குறைத்துக்கொள். ராஜஸ்ரீயிடம் வெடுக்கென்று பேசாதே. இருவரும் நோய்நொடி இல்லாமல் நீடூழி வாழவேண்டும் என்று கோவிலில் கேட்டுக்கொண்டேன், கேட்கவே இப்போது பயமாக இருக்கிறது. ஒன்று மறந்துவிடாதே, சுஜாவுக்கென்று வாங்கிவைத்திருக்கிறாயே கணக்குப் புத்தகங்கள், அவற்றை அனுப்பவேண்டாம். எந்த விலாசத்தில் கொண்டுபோய்க் கொடுப்பேன்? முழங்கால் அப்படியேதான் வலிக்கிறது.

உன் அம்மா,
சூடாமணி