மழையில் பார்த்த பிறகே சாவி

கொல்லம் ஆண்டு 1108, ஐப்பசி

அத்தான்,

சாவியைத் தேட வேண்டாம், என்னிடம் இருக்கிறது. எந்த ஓடு ஒழுகுகிறதென்று மழை பெய்யும்போது பார்த்தால்தான் தெரியும். அதனால் வாடகைக்கு விடப்போகும் கீழத்தெரு வீட்டுக்குப் போகிறேன்.

குளச்சல் வாத்தியார் வந்தால் கருப்பட்டிக் காப்பி கொடுத்து, ஒழுக்கை அடைத்த பிறகு குடிவரச் சொல்லுங்கள். கைக்குழந்தைக்காரர்கள். "மழை விட்டா ஒழுக்கும் விடும்லா" என்று நேற்று சிரித்தீர்கள். நாம் வாடகைக்கு இருந்த வீட்டில் நம் பிள்ளையை, ஒழுக்குக்கு வைத்த சட்டிகளுக்கு நடுவே கிடத்தினோமே, மறந்துபோச்சா? ஒழுகுகிற வீட்டுக்கு வாடகை கேட்க எனக்கு நாக்கு எழும்பாது.

மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் மூடி வைத்திருக்கிறேன்.

ராஜபாய்

பி.கு.: மாற்று ஓடு அங்கேயே கிடக்கிறது, ஏறத்தான் ஆளில்லை. மழை விட்டதும், என்மேல் கோபம் தீராவிட்டாலும், ஏணியோடு வாருங்கள்.