வளைவுக்கு ஒரு ஜெபம்

வெள்ளறடை,
திங்கட்கிழமை.

அன்பு மகன் ஜிஜினுக்கு அம்மை நேசம் எழுதுகிறது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் கறுத்த பசுவும் சுகமாக இருக்கிறோம், என் கால்முட்டு மட்டும்தான் சொன்னபடி கேட்பதில்லை. அந்தக் கனடாப் பனியில் உனக்கு ஒரு தும்மல்கூட வராமல் தேவன் காக்கட்டும். அடுத்த வீட்டு விஜயம்மாவின் மகன் ஆதித்யன் அங்கே வருகிறானாம், அவன் கையில் ஏத்தங்காய் வறுத்த உப்பேரியும் இந்தக் கடிதமும் கொடுத்து விடுகிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் உன் அப்பா பக்கத்தில் நின்று குறுக்கே குறுக்கே பேசுவார். ஏற்கெனவே உனக்கு வாய்ஸ் அனுப்பியிருக்கிறாராமே, என் ஜெபத்தால் மூன்று அருவியும் போச்சு என்று. அது உள்ளதல்ல மக்கா. நடந்ததை நான் சொல்லுகிறேன், நீயே நியாயம் தீர்.

நயாகரா பார்க்க எங்களைக் கூப்பிட்டாயே, விசா கிடைக்காமல் போனதில் எனக்கொன்றும் இல்லை, இங்கேயும் தண்ணி உண்டு. அப்பாவுக்குத்தான் தாங்கவில்லை. சந்தை முழுக்கச் சொல்லி வைத்திருந்தார், நெய்யாற்றின்கரையில் போய் மஞ்சளில் ஒரு ரெயின்கோட்டும் வாங்கி வைத்திருந்தார், நயாகராவில் அதைப் போட்டுக்கொண்டுதான் கிட்டே போவார்களாம். விசா இல்லை என்றானபிறகு ரெயின்கோட் கொடியில் தொங்கும், அதைப் பார்ப்பார், பெருமூச்சு விடுவார். அருமநாயகத்துக்குச் சுகமில்லையா என்று சபையில் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். கடைசியில் என் அண்ணன் மகன் சுதீஷ் வந்து, மாமா, நயாகரா இல்லேன்னா போவுது, நம்ம மலையில அருவிக்கா பஞ்சம், நான் வண்டி எடுக்கேன், ரெண்டு மூணு நாள் சுத்தீட்டு வருவோம் என்றான். நானும் வாறேன் என்று விஜயம்மாவும் பையைத் தூக்கிவிட்டாள்.

மலைப்பாதை உனக்குத் தெரியும்தானே, ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. வளைவு வந்தால் நான் ஜெபம் பண்ணாமல் இருப்பேனா? முதல் வளைவில் சத்தமாகத் தொடங்கினேன், எல்லாரும் தலை குனிந்தார்கள், உடனே விஜயம்மா அய்யோ என்று ஒரே அலறல். பார்த்தால் வண்டி ஓட்டுகிற சுதீஷும் கண்ணை மூடியிருக்கிறான்! ஓய்வுநாள் பள்ளியில் நான்தான் அவனுக்கு டீச்சர், ஜெபத்தில் கண் திறந்தால் காதைத் திருகுவேன், அந்தப் பழக்கமாக்கும். கண்ணைத் தொறந்து வச்சா அது ஜெபமா மாமி, என்னால ஒக்காது என்று ஒரே பிடி. அதன்பிறகு வளைவு வந்தால் வண்டியை ஓரம் நிறுத்தி, ஜெபித்து, ஆமென் சொல்லி, அப்புறம்தான் திருப்பம். நிறுத்தின இடத்திலெல்லாம் விஜயம்மா இறங்கி டயருக்கடியில் ஒரு எலுமிச்சங்காய் வைத்தாள், அதில் போன நேரத்தை உன் அப்பா சொல்லவே மாட்டார். கல்லாற்று மீன்முட்டி அருவிக்குப் போய்ச் சேர்ந்தால், நேரமாகிக் கேட் அடைத்தாச்சு. அன்று குளத்துப்புழையில் சுதீஷின் மாமியார் வீட்டில் கிடந்தோம். மறுநாள் பாலருவி, காட்டுக்குள் ஆளைக் கொண்டுபோகிற கடைசி வண்டியின் பின்பக்கத்தை மட்டும் கண்டோம். அப்பா ரெயின்கோட் மாட்டி இறங்கியிருந்தார், அப்படியே திரும்பி ஏறினார். நேசம், ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு ஜெபம் எதுக்கு, மொத்தமா ஒண்ணு பண்ணினா தெய்வத்துக்குக் கேக்காதா என்றாள் விஜயம்மா. மொத்தமா ஒரு எலுமிச்சங்காய் வச்சா டயருக்குப் போதாதா என்றேன் நான். தென்காசி வரை அவள் அந்தப் பக்க ஜன்னலைப் பார்த்தாள், நான் இந்தப் பக்க ஜன்னலைப் பார்த்தேன். அங்கே தங்கி, மறுநாள் குற்றாலத்துக்கு நேரத்தோடே போனோம். அருவியில் தண்ணீர் குறைவு என்று வழியில் ஒரு டீக்கடைக்காரர் சொன்னதால் முந்தின நாள் கொஞ்சம் மழை கேட்டு ஜெபித்திருந்தேன். கேட்டது கொஞ்சம்தான் மக்கா, கர்த்தர் தந்தது நிறைய. வெள்ளம் வந்து, கயிறு கட்டி எல்லாரையும் தூரத்தில் நிறுத்திவிட்டார்கள், அப்பா கண்டது முன்னால் நின்றவர்களின் குடைகளை மட்டும். அவர் ரெயின்கோட்டைக் கழற்றி மடித்து, நீ வச்சுக்கோ மக்கா, பைக்குல போவ உதவும் என்று சுதீஷிடம் கொடுத்தார். வசவு கேட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு சங்கடம் வந்திருக்காது.

திரும்பும் வழியில் பாலருவிதான் பாக்கி. முதல் வளைவில் சுதீஷ் ஓரம் கட்டினான். எலே நிறுத்தாதே, போ என்றேன். மாமி, ஜெபம் என்றான். மாமா பண்ணட்டும் என்றேன். உன் அப்பா சபையில் ஒருநாளும் வாய் திறந்து ஜெபிக்காத ஆளாக்கும். தொண்டையைச் செருமி, ஆண்டவரே, கேட் தொறந்து கெடக்கணும், ஆமென் என்றார். சுதீஷ் கண்ணை மூடுவதற்குள் முடிந்துவிட்டது. மற்ற வளைவுக்கெல்லாம் நான் சேலைத்தலைப்பைக் கடித்துக்கொண்டு இருந்தேன், விஜயம்மா எலுமிச்சங்காயைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தாள். கேட் திறந்திருந்தது, காட்டுக்குள் போகிற வண்டியும் கிடைத்தது. நம்ம சபைக் கோபுரத்தைவிடப் பெரிய உயரம் மக்கா, அவ்வளவு தண்ணியும் ஒரு ஓய்வில்லாமல் கொட்டுகிறது. எல்லாரும் தோர்த்துத் துண்டு கட்டிக் குளிக்கிறார்கள், நடுவில் உன் அப்பா மட்டும் சுதீஷிடம் திருப்பி வாங்கின மஞ்சள் ரெயின்கோட்டில், கழுத்துப் பட்டன் வரை மாட்டி நிற்கிறார். சேட்டா, நனைய வேண்டாம்னா வீட்டுல இருந்தா போராதா என்று ஒருத்தன் கேட்டதுகூட அவர் காதில் ஏறவில்லை. நான் கரையில் நின்று, விழுங்கி வைத்திருந்த எல்லா வளைவின் ஜெபத்தையும் ஒன்றாகப் பண்ணினேன், உனக்கும், விசா ஆபீசரின் மனம் இளகவும், பசுவுக்கும், விஜயம்மாவின் முதுகுவலிக்கும். அருவிச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை, போதும் என்று யாரும் சொல்லவுமில்லை. கண் திறந்தால் அப்பா முன்னால் நிற்கிறார், ரெயின்கோட்டின் கைவழியே தண்ணி ஒழுகுகிறது, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். உதட்டைப் பார்த்துத்தான் புரிந்தது, ஆமென் என்கிறார்.

இப்போது சொல்லு, யார் பக்கம் நியாயம்? உப்பேரியை ஒரே நாளில் தின்று தீர்க்காதே, தலைக்கு எண்ணெய் தேய், ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போ. உன்னைக் காக்கிறவர் உறங்கமாட்டார், நீ நேரத்தோடே உறங்கு. வண்டி எடுக்குமுன் ஜெபம் பண்ண மறக்காதே. சுருக்கமாகப் பண்ணினாலும் போதும், கண்ணைத் திறந்தே பண்ணலாம். இதை மட்டும் அப்பாவிடம் சொல்லாதே.

எப்போதும் உன்னை நினைத்திருக்கும்
அம்மை, நேசம்.