சிவப்பு மட்டும்தான்

பிப்ரவரி 6
இன்று அண்ணன் எங்கள் பிரிவுக்குச் சோதனைக்கு வந்தான். இதயத்தோடு பம்பு பொருத்தி எட்டு மாதம் ஆகிறது. புதிதாக வந்த பயிற்சி மருத்துவர் மணிக்கட்டைப் பிடித்து, நாடி கிடைக்காமல் வெளிறிப்போனார். பம்பு ரத்தத்தை விடாமல் ஓட்டுவதால் நாடி துடிக்காது என்பது அவருக்குத் தெரியவில்லை. "தேடாதீங்க டாக்டர், அதை ஆபரேஷன்லயே கழட்டி வச்சுட்டாங்க" என்றான். கொழுப்பு.

கட்டு மாற்றும் நர்ஸ் இன்று நான்தான். பம்பின் ஒயர் வயிற்றைத் துளைத்து வெளியே வரும் இடத்தில் நாணய அளவுக்குச் சிவப்பு. தொட்டால் வலி. சீழ் இல்லை.

சீழ் வந்தால்தான் எங்கள் பிரிவில் துடைத்தெடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவோம். ஆய்வகம் கிருமி என்று சொன்னால்தான் அது தொற்று. பம்பு வைத்தவர்களின் உலகப் பதிவேட்டுக்குப் போகும் படிவத்தில் 'தொற்று: இல்லை' என்று நிரப்பினேன்.

பிப்ரவரி 7
அண்ணி போன் செய்து, "சிவப்பா இருக்கே, பயமில்லையே?" என்றார்.
"சிவப்பு மட்டும்தானே அண்ணி. ஒண்ணும் ஆகாது."

பிப்ரவரி 19
பல நாட்டு மருத்துவமனைகளின் ஒப்பீட்டுப் பட்டியல் வந்துவிட்டது. பம்பு வைத்தவர்களில் எங்கே எத்தனை பேருக்கு ரத்தக்கசிவு, பக்கவாதம், தொற்று என்று. ரத்தக்கசிவில் நடுவில் நிற்கிறோம். தொற்றில் நாங்கள்தான் எல்லாரையும் விடக் குறைவு. பிரிவுத் தலைவர் கேக் வாங்கிவரச் சொன்னார். பட்டியலைச் சுவரில் ஒட்டியது நான்.

வீடியோ கூட்டத்தில் வேறு நாட்டு நர்ஸ் ஒருத்தி, அப்படி என்னதான் செய்கிறீர்கள், எங்களுக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டாள். "சுத்தம்" என்றார் தலைவர். அவர்கள் சிவப்பைக் கண்டதுமே சோதனைக்கு அனுப்பிவிடுகிறார்களாம். நான் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா?

பிப்ரவரி 20
அண்ணனுக்கு மட்டும் சோதனைக்கு அனுப்பட்டுமா என்று தலைவரிடம் கேட்டேன்.

"உங்க அண்ணனுக்குன்னு தனிச் சட்டமாம்மா? ஒருத்தருக்கு அனுப்பினா நாளைக்கு எல்லாருக்கும் அனுப்பணும்."

தலையாட்டிவிட்டு வந்தேன். சொல்லாமல் அனுப்பியிருக்கலாம். ஆய்வகம் இரண்டு மாடி கீழேதான். ஏன் அனுப்பவில்லை? பயமா? பயம் மட்டுமில்லை. பட்டியலில் முதலில் நிற்பது எனக்கும் பிடித்திருந்தது.

மார்ச் 3
காய்ச்சல். சீழ்.

மார்ச் 5
வழக்கப்படி அனுப்பியாயிற்று. கிருமி ரத்தத்திலும் இருக்கிறது, பம்பு வரை ஏறிவிட்டது. கழற்றினால் இதயம் தாங்காது. விட்டுவைத்தால் கிருமி போகாது. தொற்றுநோய் மருத்துவர் முடிவுகளைப் புரட்டிக்கொண்டே, "ஒரு மாசம் முன்னாடி அனுப்பியிருந்தா மாத்திரைக்கே கேட்டிருக்கும்" என்றார். அவருக்கு நான் யாரென்று தெரியாது.

மார்ச் 9
கிருமி மூளைக்கும் ஏறி, உள்ளே ரத்தக்கசிவு. வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சில்லை. என்னையே பார்க்கிறான் — ஏதாவது சொல்லித் தொலைடா, கிண்டலாவது பண்ணுடா. என்ன செஞ்சு வச்சிருக்கேன் நான்!

மார்ச் 11
பம்பை நிறுத்தினார்கள். அண்ணிதான் கையெழுத்துப் போட்டார்.

மார்ச் 24
வேலைக்குத் திரும்பினேன். அண்ணனின் படிவத்தை யாரோ முடித்து அனுப்பியிருக்கிறார்கள். மரணக் காரணம்: பக்கவாதம். பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் அவன் செத்தது தொற்றுக் கணக்கில் வராது.

திருத்தம் எழுதி அனுப்பினேன். தலைவர் என்னோடு பேசுவதில்லை.

ஏப்ரல் 2
காலையில் ஏழு பேருக்குக் கட்டு மாற்றினேன். மூவருக்குச் சிவப்பு. மூவருக்கும் துடைத்தெடுத்து, நானே கீழே ஆய்வகத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

மதியம் அண்ணி வந்தார், பம்பின் பேட்டரிகளைத் திருப்பிக் கொடுக்க. பையைத் திறக்காமல் நின்றார்.

"அன்னைக்கே உனக்குத் தெரியுமா?"

நானாகப் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். மூன்று வாரமாகத் தள்ளிப்போட்டேன்.

"சந்தேகம் இருந்துச்சு அண்ணி. கேட்டேன், வேணாம்னாங்க. விட்டுட்டேன்."

அவர் அழவில்லை. பேட்டரிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார், சார்ஜரையும் வைத்தார், சரிபார்க்கச் சொன்னார். சரிபார்த்தேன்.

"இனிமே வீட்டுக்கு வராதே" என்றார்.