நாற்பத்தோராவது துண்டு

மாப்ள,

இன்று காலை உன் மேசை இழுப்பறையைத் திறந்துவிட்டேன். நீ போன இந்த இரண்டு மாதமும் அதன் பக்கமே போகாமல் இருந்தேன். திறந்ததும் குப்பென்று புதினா வாசனை. நான் தேடியது நீ வேலைக் கணக்கு எழுதி வந்த நோட்டை. கைக்கு அகப்பட்டது அஜீரண மாத்திரை அட்டைகள். ஒன்றன் மேல் ஒன்றாக, எல்லாம் காலி.

ஏன் திறந்தேன் என்று கேட்பாய். ஒன்பதரை மணிக்கு நம் இரண்டாவது கம்ப்யூட்டர் சர்வர் மறுபடியும் படுத்துவிட்டது. டயாலிசிஸ் பிரிவு நர்ஸ் போனில் அழாத குறை. "சார், திருவாதவூர்லருந்து மொத பஸ்ஸுக்கு வந்த அம்மா உக்காந்திருக்காங்க. போன தடவை எம்புட்டு தண்ணி எடுத்தோம்னு பாக்காம மிஷின்ல போட முடியாது. இங்க ஸ்கிரீன் சுத்திக்கிட்டே கெடக்கு." ஐந்து நிமிடம் என்றேன். எனக்கு ஒன்றும் தெரியாது, மாப்ள. ஐந்து நிமிடம் என்று சொல்வதை மட்டும் உன்னிடம் கற்று வைத்திருக்கிறேன்.

அந்தச் சர்வரைப் பிறவியிலேயே கெடுத்தவன் நான்தான். பழங்காநத்தத்தில் டயர் கடை மாடியில் நாம் இருவரும் கம்பெனி தொடங்கியபோது, ஆஸ்பத்திரி நோயாளிகளின் விவரங்களை மூன்று சர்வர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்தேன். ஆங்கில முதலெழுத்துதான் கணக்கு. ஏ முதல் ஹெச் வரை ஒன்றில், ஐ முதல் ஆர் வரை இரண்டாவதில், மிச்சம் மூன்றாவதில். பார்க்கச் சமமாகத்தான் இருந்தது. ஒரே மாதத்தில் இரண்டாவது மூச்சு வாங்கியது. மற்ற இரண்டும் சும்மா உட்கார்ந்திருந்தன. நீ பட்டியலைத் திறந்து பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து சிரித்தாய்.

"முத்து, மாயாண்டி, முனியம்மா, மீனாட்சி, பாண்டி, பாண்டியம்மா. மதுரைல உக்காந்துகிட்டு எம்மையும் பியையும் ஒரே சர்வர்ல போட்டிருக்கியே, நீயெல்லாம் இந்த ஊர்க்காரனாடா?"

தீர்வையும் நீயே சொன்னாய். பெயரைப் பார்க்காதே, ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் எண் போட்டு, எல்லாவற்றையும் அறுபத்து நான்கு துண்டாக்கி, மூன்றுக்கும் சரிசமமாகப் பிரி என்றாய். ஆனால் ஆஸ்பத்திரி ஒரு நாளும் மூடுவதில்லை. வேலை நடக்கும்போதே மாற்ற வேண்டும். மாற்றுவதே சர்வருக்குக் கூடுதல் வேலை. அதனால் கூட்டம் குறையும் நேரம் பார்த்து ஒவ்வொரு துண்டாக நகர்த்தி, நோட்டில் டிக் அடித்து வந்தாய். அப்போதுதான் நான் உன்னைக் கேட்காமல் இரண்டு புது ஆஸ்பத்திரிகளுக்குத் தலையாட்டிவிட்டு வந்தேன். திங்கட்கிழமை திறப்பு. அதற்குள் எல்லாத் துண்டையும் நீ நகர்த்தி முடித்தாக வேண்டும். உனக்குக் கோபமே வரவில்லை. "சரி விடு, பாத்துக்கலாம்" என்றாய்.

எந்த வேலையையும் உன்னிடம்தான் தள்ளினேன். மற்றவர்களிடம் கொடுத்தால் ஏன், எப்போது என்று கேள்வி வரும். நீ கேட்க மாட்டாய்.

வெள்ளிக்கிழமை டீ குடிக்கும்போது நெஞ்சைத் தடவிக்கொண்டே சொன்னாய்: "ரெண்டு நாளா இங்க இறுக்கிப் பிடிக்குது மாப்ள. டாக்டர்ட்ட காட்டிரலாமா?" எத்தனை டாக்டர்களோடு வேலை பார்க்கிறோம்! ஒரு போன் போட்டால் போதும். நான் சொன்னேன், "கேஸாத்தான் இருக்கும். திங்கக்கெழமை முடியட்டும், நானே கூட்டிட்டுப் போறேன்." நீ தலையாட்டினாய். டீயைக் குடித்து முடித்துவிட்டு மாடி ஏறினாய்.

திங்கட்கிழமை நான் திறப்பு விழாவில் நின்றுகொண்டு உனக்குப் போன் செய்தேன். "இந்தா, இம்புட்டுதான் பாக்கி" என்றாய். அடுத்த போனை நீ எடுக்கவில்லை. டயர் கடை அண்ணன்தான் மாடி ஏறிப் போய் உன்னைப் பார்த்தார்.

அந்த அட்டைகளுக்கு அடியில் இன்று நோட்டு கிடைத்தது. நாற்பது வரை டிக். நாற்பத்தொன்று என்று எழுதி, எதிரே காலி. எந்தத் துண்டு போய்ச் சேர்ந்தது, எது பாதியில் நிற்கிறது என்று தெரியாததால்தான் இத்தனை நாள் சர்வர்களைத் தொடாமல் இருந்தேன். எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் ஒவ்வொரு தேடலும் மூன்று சர்வரையும் தட்டியது. எல்லாம் சேர்ந்து மூச்சுத் திணறின. இன்று எல்லா ஆஸ்பத்திரிக்கும் போன் போட்டு, இரண்டு மணி நேரம் பழையபடி காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள், என்னால் முடியாது என்றேன். திட்டினார்கள். வாங்கிக்கொண்டேன். திருவாதவூர் அம்மாவின் விவரத்தை நேற்றிரவு எடுத்து வைத்த நகலிலிருந்து தேடி எடுத்து நர்ஸுக்கு வாசித்துக் காட்டினேன். நாற்பத்தோராவது துண்டைத் திறந்து பார்த்தேன். முழுசாகப் போய்ச் சேர்ந்திருந்தது. டிக் அடிக்கத்தான் உனக்கு நேரமில்லை. மிச்சத்தையும் நகர்த்தி முடித்தேன். மூன்றும் இப்போது சமமாக ஓடுகின்றன. நீ இல்லாமல் அதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

சாயங்காலம் உன் வீட்டுக்குப் போனேன். இழவு வீட்டில் உன் மனைவி என்னிடம் கேட்டிருந்தாள்: "ஒங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையாண்ணே?" இல்லை தங்கச்சி என்று சொல்லியிருந்தேன். அந்தப் பொய்யோடு இரண்டு மாதமாகச் சோறு தின்கிறேன். அந்த மாத்திரை அட்டைகளைப் பார்த்த பிறகு இன்னொரு நாள் முடியாது என்று தோன்றியது. அடிக்கட்டும், துரத்தட்டும் என்று வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் அடிக்கவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கிட்டயும் சொன்னாருண்ணே. சனிக்கெழமை சொன்னாரு. புள்ளைக்குப் பரீச்சை நடக்குது, ரெண்டு நாள் பொறுத்துக்கங்கன்னு நாந்தாண்ணே சொன்னேன். இத நான் யார்கிட்டயும் சொல்லல."

அழுதாள். நானும் அழுதேன். ஆறுதல் சொல்ல அங்கே யாருக்கும் தகுதியில்லை. இருட்டும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, வாரேன் தங்கச்சி என்று எழுந்து வந்தேன்.

வெள்ளிக்கிழமை என்னிடம் கேட்டிருக்கிறாய். சனிக்கிழமை அவளிடம் கேட்டிருக்கிறாய். இரண்டு பேரும் பொறு என்றோம். ஞாயிற்றுக்கிழமை முழுக்க நீ யாரிடம் கேட்டாய், மாப்ள?